அக்கரைச் சீமையில் வீட்டுக் கணக்கு

அமெரிக்கா போய் வந்த கட்டுரை என்றால் நயாகரா அருவியும் சுதந்திர தேவி சிலையும் அதில் இருந்தாக வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். மன்னிக்க வேண்டும் சகோதரிகளே, நான் இரண்டையும் பார்க்கவில்லை. 2025-ம் வருஷம் மே மாதத்திலிருந்து ஆகஸ்டு வரை நாலு மாதம் அங்கே இருந்தேன். பார்த்ததெல்லாம் வீடுகள்தாம். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. அதில் வாடகை, வரி, கரண்ட், காய்கறி என்று எழுதிக்கொண்டே வந்தேன்.

அதற்குக் காரணம் உண்டு. பொங்கலுக்குப் பேசும்போது மகள், "முன்பணம்தாம்மா இடிக்குது. அது மட்டும் இருந்தா நாங்களும் ஒரு வீடு வாங்கிடுவோம்" என்றாள். அவள் எதையும் கேட்கவில்லை. ஆனால் நானும் என் கணவரும் அன்றிரவு தூங்கவில்லை. எங்களுக்கு இருப்பது உறையூரில் ஒரு வீடு. அதை விற்றுக் கொடுத்துவிட்டு நாம் வாடகைக்குப் போனால் என்ன என்று இவர் கேட்டார். "முதலில் போய்ப் பார்ப்போம். பார்க்காமல் முடிவு செய்யக்கூடாது" என்றேன் நான்.

ஃப்ரீமான்டில் மூன்று அறை

மகளும் மாப்பிள்ளையும் இருப்பது கலிபோர்னியாவில், ஃப்ரீமான்ட் என்ற ஊரில். சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரை. இந்த வட்டாரத்தில் நம்மவர்கள் அதிகம். முருங்கைக்காய் முதல் மூக்குப்பொடி வரை கிடைக்கும். மே மாதத்தில்கூட வெயில் உறைக்காது; சாயங்காலம் ஸ்வெட்டர் தேடவேண்டியிருக்கும். இப்படியொரு சீதோஷ்ணத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று முதல் நாள் நினைத்தேன். இரண்டாம் நாளே எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று தெரிந்தது.

இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், கூடத்தோடு ஒட்டிய சமையல் மேடை. இதற்கு மாதம் 3,300 டாலர் வாடகை. ரூபாயாக்கினால் இரண்டே முக்கால் லட்சத்துக்கு மேல்! மூன்று வயதுப் பேத்தியைப் பகலில் பார்த்துக்கொள்ளும் காப்பகத்துக்கு 2,300 டாலர். "எல்லாத்தையும் ரூபாயில பெருக்காதேம்மா, பைத்தியம் பிடிச்சிடும்" என்றாள் மகள். அதுவும் சரிதான். அங்கே சம்பாதித்து அங்கேயே செலவழிப்பதை அந்த ஊர்க் காசில்தான் எண்ண வேண்டும். அன்றிலிருந்து நோட்டில் டாலரையே எழுதினேன்.

வாங்குவதென்றால்? ஞாயிற்றுக்கிழமைகளில் விற்பனைக்கு வந்த வீடுகளைத் திறந்து வைப்பார்கள். யார் வேண்டுமானாலும் நுழைந்து பார்க்கலாம். நாங்கள் பார்த்ததில் ஒன்று, அறுபது வருஷத்துப் பழைய மூன்று படுக்கையறை வீடு. மரச்சட்டம், மெல்லிய சுவர். தட்டினால் டம்டம் என்கிறது. விலை 15 லட்சம் டாலர். பக்கத்து சான் ஹோசே வட்டாரம் இதையும் தோற்கடிக்கிறது. விற்ற தனி வீடுகளை விலைப்படி வரிசையாக நிறுத்தி, நட்ட நடுவில் நிற்கும் வீட்டின் விலையைப் பார்ப்பார்கள். 2024 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதத்தில் அங்கே அந்த நடு விலை 20 லட்சம் டாலரைத் தாண்டியது. அமெரிக்காவில் அதற்கு முன் எந்த நகர வட்டாரமும் அந்தக் கோட்டைத் தாண்டியதில்லை. அதே மூன்று மாதத்தில் நாடு முழுவதுக்குமான நடு விலை சுமார் 4 லட்சத்து 22 ஆயிரம்தான்.

ஏன் இந்த விலை? மாப்பிள்ளை பொறுமையாக விளக்கினார். ஒரு பக்கம் கடல்நீர், மறுபக்கம் மலை, நடுவில் குறுகலான நிலம். கம்ப்யூட்டர் கம்பெனிகள் வேலையைக் கொட்டுகின்றன; ஆனால் வீடு அந்த வேகத்தில் எழவில்லை. சான் ஹோசேயில் குடியிருப்புக்கென்று ஒதுக்கிய நிலத்தில் நூற்றுக்கு 94 பங்கில் தனி வீடு மட்டுமே கட்டலாம் என்ற விதி வெகுகாலம் இருந்தது. அடுக்குமாடி கட்ட இடமே இல்லை. 2021-ல் மாநில அரசு சட்டம் கொண்டுவந்து அதைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறது. அதனால் விலை இறங்கிவிடவில்லை.

பாட்டியின் வரி ரசீது

காலை நடையில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி சிநேகமானாள். எண்பது வயது, தனி ஆள், வாசலில் எலுமிச்சை மரம். 1979-ல் 90,000 டாலருக்கு வாங்கிய வீடாம். "சொத்து வரி எவ்வளவு?" என்று மகளை விட்டுக் கேட்கச் சொன்னேன். வருஷத்துக்கு 2,700 டாலர் சுமார் என்றாள். அதே தெருவில் புதிதாக ஒருவர் 18 லட்சத்துக்கு வாங்கியிருக்கிறார். அவருக்கு 20,000 டாலருக்கு மேல்!

இது எப்படி என்று கேட்டால், 1978-ம் வருஷம் கலிபோர்னியா மக்கள் வாக்குப் போட்டுக் கொண்டுவந்த '13-வது முன்மொழிவு' என்கிறார்கள். வாங்கிய விலையில் நூற்றுக்கு ஒன்றுதான் அடிப்படைச் சொத்து வரி. வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட சில்லறை வரிகள் கொஞ்சம் சேரும். அந்த மதிப்பை வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது. வீடு கைமாறினால்தான் புது விலைக்கு வரி. வயதானவர்களை வரிக்குப் பயந்து வீட்டை விட்டு ஓடாமல் காப்பாற்றிய சட்டம்தான். ஆனால் பாட்டி ஏன் விற்பாள்? விற்க ஆளில்லை, வாங்க நூறு பேர். கூடவே கடன் வட்டியும் சேர்ந்துகொண்டது. 2021 ஜனவரியில் முப்பது வருஷக் கடனுக்கு 3 சதவீதத்துக்கும் குறைந்த வட்டி. 2023 அக்டோபரில் 8-ஐத் தொடப் பார்த்தது. நாங்கள் போனபோது ஆறரைக்கு முன்னே பின்னே. குறைந்த வட்டியில் வாங்கியவர்கள் இடத்தை விட்டு அசையவில்லை.

விடியற்காலை ரயில்

பேத்தியின் காப்பகத்தில் ஓர் அம்மாள். குழந்தை அவளைக் கண்டால் என் இடுப்பிலிருந்து தாவும். ஒரு நாள் மதியம் அவள் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்திருந்தாள். பிறகுதான் விஷயம் தெரிந்தது. இந்த ஊரில் குடியிருக்க அவள் சம்பளம் போதாது. மலைக்கு அப்பால் ட்ரேஸி என்ற ஊரில் வீடு. மூன்றரை மணிக்கு எழுந்து, ஸ்டாக்டனிலிருந்து சான் ஹோசே போகும் விடியற்காலை ரயிலைப் பிடித்து வருகிறாள். சாயங்காலம் அதே ரயில். தன் பிள்ளைகளைத் தூங்கும்போதுதான் பார்க்கிறாளாம். "இடுப்பு வலிக்கு மாத்திரை போட்டுப் போட்டு வயிறு புண்ணாகிவிட்டது" என்றாள். வீட்டு விலையை நாம் டாலரில் கட்டுகிறோம். அவள் உடம்பால் கட்டுகிறாள். நோட்டில் இதற்கு எந்தப் பத்தியில் எழுதுவதென்று தெரியாமல் ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

டல்லாஸ்: எல்லையில்லாத தரை

மாப்பிள்ளையின் கம்பெனிக்கு டெக்சஸ் மாநிலத்து டல்லாஸில் ஒரு கிளை உண்டு. "சம்பளத்துல பத்துல ஒரு பங்கு குறைச்சுக்கிட்டா மாத்திக் கொடுக்கிறோம்" என்று சொல்லியிருந்தார்கள். மகளுக்கு அங்கே புது வேலை தேட வேண்டும். என் தங்கை மகன் டல்லாஸுக்கு வடக்கே ஃப்ரிஸ்கோவில் இருக்கிறான். போய்ப் பார்த்துவிட்டு வருவோமே என்று ஜூலையில் புறப்பட்டோம்.

விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் முகத்தில் அனல் அடித்தது. நம் திருச்சி கத்திரி வெயிலேதான்! ஆனால் வீட்டைப் பார்த்ததும் வாயடைத்துப் போனேன். நாலு படுக்கையறை, இரண்டு கார் நிறுத்தும் கொட்டகை, பின்னால் புல்தரை. 2019-ல் 4 லட்சத்துச் சொச்சத்துக்கு வாங்கினானாம். கடலும் இல்லை, மலையும் இல்லை. நாலா பக்கமும் தட்டையான தரை. நேற்று மாடு மேய்ந்த இடத்தில் இன்று தெரு போட்டு விடுகிறார்கள். அதனால்தான் விலை இன்னும் எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஊரில் அனுமார் கோவிலும் உண்டு. சனிக்கிழமைக் கூட்டத்தைப் பார்த்தால் நம்மூர்தான் என்று தோன்றும்.

"பெரியம்மா, இங்க மாநில வருமான வரியே கிடையாது தெரியுமா?" என்றான் பெருமையாக. உண்மைதான். மகளும் மாப்பிள்ளையும் சேர்ந்து வருஷம் 2 லட்சத்து 20 ஆயிரம் டாலர் சம்பாதிக்கிறார்கள். அதில் மத்திய அரசு வரி போக, கலிபோர்னியாவுக்கு மட்டும் 12,000-க்கு மேல் கட்டுகிறார்கள். டெக்சஸில் அது மிச்சம்.

ஆனால் அரசாங்கம் நடக்கப் பணம் எங்கிருந்தாவது வரத்தானே வேண்டும்? சொத்து வரியில் பிடித்துவிடுகிறார்கள். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்குப் பள்ளிக்கூட வரியில் சலுகை உண்டு. 2023-ல் மதிப்பில் ஒரு லட்சம் டாலருக்கு விலக்கு, 2025-ல் அது 1 லட்சத்து 40 ஆயிரம். அதையெல்லாம் கழித்த பிறகும் அவனுக்கு வருஷம் 8,000 டாலருக்கு மேல் வருகிறது. கடன் தீர்ந்தாலும் இந்த வரி தீராது. பிறகு காப்பீடு. வசந்த காலத்தில் எலுமிச்சம்பழ அளவு ஆலங்கட்டி விழுமாம், கூரையே போய்விடும். அதனால் வீட்டுக் காப்பீடு வருஷம் 4,000 டாலர். கலிபோர்னியாவில் ஒரு யூனிட் கரண்ட் 30 சென்டைத் தாண்டுகிறது, டெக்சஸில் ஏறக்குறைய பாதிதான். ஆனால் ஃப்ரீமான்டில் ஏசி போடும் நாட்கள் கொஞ்சம். இங்கே மே முதல் செப்டம்பர் வரை நிறுத்த முடியாது. பெட்ரோல் மலிவு. ஆனால் பாலுக்கும் கார், பள்ளிக்கும் கார். ஆளுக்கொரு கார் இல்லாமல் குடித்தனம் நடக்காது.

அவன் மனைவி சமையலறையில் எனக்கு ஒரு விஷயம் சொன்னாள். 2021 பிப்ரவரியில் பனிப்புயல் வந்து மாநிலமே இருட்டில் கிடந்தது. கைக்குழந்தையை மூன்று கம்பளியில் சுற்றி, காருக்குள் உட்கார்ந்து ஹீட்டர் போட்டுக்கொண்டு இருந்தார்களாம். "காரைக் கொட்டகைக்குள்ள வச்சு ஓடவிடாதீங்கன்னு பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து கத்தினார், பெரியம்மா. புகை தங்கி உயிரே போயிடுமாம். வெளியில நிறுத்தினோம், பிழைச்சோம்" என்றாள். அந்தப் புயலில் 200 பேருக்கு மேல் இறந்தார்கள்.

இன்னொன்றையும் குறித்துக்கொண்டேன். டெக்சஸில் சட்டப்படிக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7 டாலர் 25 சென்ட். 2009-லிருந்து மாறாத மத்திய அரசு அளவு. கலிபோர்னியாவில் 2025-ல் அது 16 டாலர் 50 சென்ட். விலைவாசி குறைந்த ஊர் எல்லாருக்கும் மலிவு என்று சொல்லிவிட முடியாது. படித்துச் சம்பாதிப்பவனுக்கு மலிவு; பாத்திரம் கழுவுகிறவளுக்கு அங்கேயும் இழுபறிதான்.

பிட்ஸ்பர்க்: வீடு இருக்கிறது, பிள்ளைகள் இல்லை

அங்கிருந்து பென்சில்வேனியா மாநிலத்தின் பிட்ஸ்பர்குக்கு விமானம் ஏறினோம். காரணம் இரண்டு. ஒன்று, குன்றின் மேல் நம்மவர்கள் 1970-களில் கட்டிய வெங்கடேஸ்வரர் கோவில். இரண்டு, என்னோடு திருச்சியில் காலேஜில் படித்த தோழி. கல்யாணமாகி 1980-களில் அங்கே போனவள்.

கோவிலில் பெருமாளைச் சேவித்து, புளியோதரையைக் கையில் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனோம். செங்கல் வீடு, நாலு அறை, கீழே நிலவறை. 1988-ல் 90,000-க்கு வாங்கினார்களாம். இன்றைக்கு இரண்டரை லட்சம் போனால் அதிகம். இது ஃப்ரீமான்டில் முன்பணத்துக்குக்கூடக் காணாது! மாநில வருமான வரி எல்லாருக்கும் ஒரே சீராக 3.07 சதவீதம். துணிமணிக்கு விற்பனை வரியே கிடையாது. நம் பெண்களுக்குச் சந்தோஷமான செய்தி.

பின்னே ஏன் இத்தனை மலிவு? இது எஃகு ஊர். 1950-ல் நகரத்துக்குள் 6 லட்சத்து 76 ஆயிரம் பேர் இருந்தார்கள். எஃகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. 1980-களில் வேலையிழந்த குடும்பங்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறின. 2020-ல் எண்ணியபோது 3 லட்சத்துச் சொச்சம் பேர்தான். ஆள் பாதியானால் வீடு மலிவாகாமல் என்ன செய்யும்? இப்போது ஆஸ்பத்திரிகளும் பல்கலைக்கழகங்களும் ஊரைத் தாங்குகின்றன. வேலை இல்லாமல் இல்லை. ஆனால் கலிபோர்னியா போல் கொட்டவில்லை.

பழைய வீட்டுக்குப் பழைய வீட்டுச் செலவு உண்டு. குளிர்காலம் முழுக்க கேஸ் ஹீட்டர் எரிய வேண்டும். நிலவறையில் ஈரம் ஏறும். பூமிக்கடியில் பழைய நிலக்கரிச் சுரங்கங்கள் இருப்பதால் தரை உள்வாங்கக்கூடும். அதற்கென்று மாநில அரசே தனிக் காப்பீடு நடத்துகிறது. இப்படியும் ஒரு காப்பீடு உண்டா என்று ஆச்சரியப்பட்டேன்.

"கடன் எல்லாம் எப்பவோ தீந்துடுச்சுடி" என்றாள் தோழி. "நாலு ரூம் இருக்கு. பெரியவன் சியாட்டில்ல, சின்னவ கலிபோர்னியாவுல. இங்க இருங்கடான்னா வேலை எங்கம்மா இருக்குங்கிறாங்க. அவர் போனப்புறம் மூணு ரூமுக்கு ஹீட்டரை நிறுத்திட்டேன்." நாங்கள் இருந்த ஐந்து நாளும் வேளைக்கு ஒரு கறி, ஒரு கூட்டு என்று ஓயாமல் சமைத்துக்கொண்டே இருந்தாள். புறப்படும்போது என் கையை விடவில்லை.

நோட்டைப் பிரித்தபோது

ஆகஸ்டில் ஃப்ரீமான்ட் திரும்பினோம். ஒரு சனிக்கிழமை, பேத்தி தூங்கிய பிறகு, நாலு பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். நான் நோட்டைப் பிரித்தேன்; இவர் கூட்டினார். எல்லா ஊருக்கும் ஒரே அளவுகோல்: ஐந்தில் ஒரு பங்கு முன்பணம், ஆறரை வட்டி, முப்பது வருஷம்.

ஃப்ரீமான்டில் 15 லட்சத்து வீடு: முன்பணம் 3 லட்சம். மாதத் தவணை 7,600. வரி, காப்பீடு சேர்த்தால் 9,200. டல்லாஸ் பக்கம் 5 லட்சத்து வீடு: முன்பணம் 1 லட்சம். தவணை 2,500, வரியும் காப்பீடும் ஆயிரத்துக்கு மேல், ஆக 3,600 சுமார். பிட்ஸ்பர்கில் இரண்டரை லட்சத்து வீடு: முன்பணம் 50,000. எல்லாம் சேர்த்து 1,800.

"சம்பளத்துல நூத்துக்கு முப்பதுக்கு மேல வீட்டுக்குப் போகக்கூடாதுன்னு இங்க ஒரு கணக்கு உண்டு" என்றார் மாப்பிள்ளை. ஃப்ரீமான்டில் வாங்கினால் ஐம்பது போகிறது. வரிகள் போகக் கைக்கு வருவது மாதம் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். வீட்டுக்கு 9,200, காப்பகத்துக்கு 2,300. பிறகு சோற்றுக்கு?

இவர் ஒரு கேள்வி கேட்டார். "ஒருத்தருக்கு வேலை போனா என்ன ஆகும் மாப்பிள்ளை?" மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு பேரும் வேலை விசாவில் இருப்பவர்கள். வேலை போனால் 60 நாளுக்குள் வேறு கம்பெனியில் சேர வேண்டும், அல்லது வேறு விசாவுக்கு மனுப் போட வேண்டும். இல்லாவிட்டால் ஊரைப் பார்த்துக் கிளம்ப வேண்டியதுதான். நிரந்தர அனுமதிக்கு இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை மிக நீளம். முப்பது வருஷக் கடன். அறுபது நாள் உத்தரவாதம்!

"அப்ப டல்லாஸுக்கே போயிடலாமா?" என்றாள் மகள். அதையும் கணக்குப் போட்டோம். மிச்சமாகும்தான், சந்தேகமில்லை. ஆனால் அவளுக்கு அங்கே வேலை கிடைத்தால்தான். ஃப்ரீமான்டில் ஒரு கம்பெனி கைவிட்டால் பக்கத்திலேயே பத்துக் கம்பெனி. அந்த 60 நாள் பயத்துக்கு அது ஒரு பாதுகாப்பு. வாடகை அதிகம் என்று அழுகிறோமே, அந்த வாடகையில் பாதி இந்தப் பாதுகாப்புக்குத்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வீட்டு விலை மரத்துக்கும் ஆணிக்கும் விலை இல்லை. பக்கத்தில் கிடைக்கும் வேலைக்கும், அந்த ஊர்ச் சட்டத்துக்கும், சுற்றியுள்ள தரைக்கும் சேர்த்துத்தான் விலை. ஒரு பத்தியில் குறைந்தால் இன்னொரு பத்தியில் ஏறுகிறது.

முடிவு இதுதான். இப்போதைக்கு அதே வாடகை வீடு. அடுத்த வருஷம் பேத்தி பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் மிச்சமாகும் காப்பகப் பணம் தனிக் கணக்கில் சேர வேண்டும். முதலில் மகள் டல்லாஸில் வேலை தேடிப் பார்ப்பது. கிடைத்தால் அங்கேயும் ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து, ஒரு கோடையும் ஒரு குளிர்காலமும் பார்த்த பிறகு வாங்குவது.

உங்கள் பிள்ளைகள் அங்கே வீடு வாங்கப் போவதாகச் சொன்னால், விலையை மட்டும் கேட்காதீர்கள். வருஷத்துக்குச் சொத்து வரி எவ்வளவு, காப்பீடு எவ்வளவு, கார் எத்தனை, ஒருவர் சம்பளம் நின்றால் எத்தனை மாதம் தாங்கும் என்று இந்த நாலையும் கேளுங்கள்.

உறையூர் வீட்டைப் பற்றி அன்று யாரும் வாய் திறக்கவில்லை. படுக்கப் போகும்போது மகள் என் அறைக்கு வந்தாள். "நீங்க விக்கிறதா இருந்தீங்கன்னு எனக்குத் தெரியும்மா. வேண்டாம்னு சொல்லத் தைரியம் வரல. இன்னைக்குக் கணக்கு சொல்லிடுச்சு" என்றாள். கண் கலங்கியிருந்தது. "அந்த வீடு இருக்கட்டும். அறுபது நாள் முடிஞ்சு ஒரு நாள் வந்து நின்னா, கதவைத் திறந்துவிட ஒரு இடம் வேணுமில்ல?" என்றேன்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக உறையூர் வீட்டுக்கு அரையாண்டு வரி கட்டினோம். ரசீதை அந்த நாற்பது பக்க நோட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.